மீசை போன பக்கம்

திண்டிவனத்தில் ஒன்றாம் வகுப்பு நடத்திய இருதயமேரி டீச்சருக்கு ஊரில் யாரோடும் சண்டை கிடையாது. பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தோடுதான் சண்டை. சாய்வு நாற்காலியில் பேப்பரோடு அப்பா. அடுப்படியில் புகையோடு அம்மா. கீழே, ‘அப்பா படிக்கிறார். அம்மா சமைக்கிறாள்.’

டீச்சர் வீட்டில் நடந்தது வேறு. அப்பா தேவசகாயம், விழுப்புரம் ஜங்ஷனில் வெளியூர் எஞ்சின் டிரைவர்கள் வந்து படுத்தெழும் ரன்னிங் ரூமில் சமையற்காரர். அங்கே முப்பது பேருக்குப் பொங்கிப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் மூன்று பேருக்குப் பொங்குவார். அம்மா விடிந்ததும் மல்லாட்டை மண்டிக்குக் கடலை உடைக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். சிறுமி மேரி ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, “யாரு சமைக்கிறது?” என்று வாத்தியார் படத்தைக் காட்டிக் கேட்டார். “எங்கப்பா சார்” என்றாள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் வீட்டைப் பார்த்துச் சொல்கிறாயா என்று உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. குட்டு வாங்கிய பெண் வளர்ந்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, டிராயிங் பரீட்சையும் தேறி, அதே பக்கத்தை வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகளுக்கு நடத்தும் நிலைக்கு வந்தார். நம் நாட்டில் படிப்பு ஆளை அவ்வளவு தூரம் உயர்த்தும்.

1959இல் விழுப்புரத்தில் அச்சாபீஸ் வைத்திருந்த ராஜாமணி, சின்னப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு படத்தில் ஒரு புத்தகம் போடப் போவதாகவும், டீச்சர் படம் வரைந்து தரவேண்டும் என்றும் கேட்டார். டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. முதலில் சைக்கிள் ஓட்டும் பெண் ஒருத்தியை வரைந்து கொடுத்தார். படம் திரும்பி வந்தது. ஏர் பிடித்து உழும் பெண், அதுவும் திரும்பியது. மூன்றாவதாகக் கொண்டுபோன படத்தை ராஜாமணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா டீச்சரம்மா இது, மீசை வெச்ச ஆளு கேப்பைக் களி கிண்டிக்கினு இருக்கான்?”

“எங்கப்பா சார் அது.”

“இருக்கட்டும். புஸ்தகம் வாங்குறவன் இன்னா நெனைப்பான்? அந்த வூட்டுப் பொம்பளைக்கு இன்னா கேடுன்னு கேக்க மாட்டானா?”

“நீங்க மூணு வேளையும் சாப்புடுற ஓட்டல்ல சமைக்கிறது யாரு?”

“பச்சைமுத்து.”

“அவரு ஆம்பளதானே?”

“ஓட்டல் வேற, புஸ்தகம் வேற. பேஜாரு பண்ணாதீங்க டீச்சரம்மா.”

கடைசியில் ஒரு பேரம் படிந்தது. மற்ற பதினோரு படங்களும் ராஜாமணி சொல்கிறபடி. இந்த ஒரு படம் மட்டும் டீச்சர் இஷ்டப்படி. “படம் கண்டிப்பா வரும்” என்று ராஜாமணி வாக்குக் கொடுத்தார். டீச்சர் வரைந்தார். அண்ணன் கையில் பந்து, தங்கை கையில் பொம்மை, அப்பா கையில் பேப்பர், அம்மா கையில் எந்நேரமும் கரண்டி. வரைய வரையக் கை கூசியது. பதினோரு பொய்க்கு ஒரு உண்மை என்பது சந்தை நிலவரப்படி மோசமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

படங்களைப் பட்டணத்துக்கு அனுப்பித் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து வந்தார்கள். முதல் தாள் அச்சாகி வந்ததும் ராஜாமணிக்குப் புத்தகம் வாங்குகிறவன் ஞாபகம் வந்தது. அச்சுக் கோப்பவரைக் கூப்பிட்டார். தகட்டில் மேடாக நிற்கும் கோடுதான் காகிதத்தில் பதியும். மேட்டைச் சுரண்டிவிட்டால் அந்த இடம் வெள்ளை. சின்ன உளியால் நாலு சுரண்டு சுரண்டியதில் தேவசகாயத்தின் மீசை போயிற்று. சட்டையில்லாத தோளில் கிடந்த துண்டு யாரும் கைவைக்காமலே முந்தானை ஆயிற்று. மீசையோடு மரியாதையும் போனது: ‘அப்பா சமைக்கிறார்’ என்று இருந்ததை ‘அம்மா சமைக்கிறாள்’ என்று மாற்றிக் கோத்தார்கள்.

புத்தகம் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. டீச்சர் அதைத் திறந்து பார்ப்பதற்குள் முன்வரிசையில் இருந்த கோவிந்தம்மாள் எழுந்துவிட்டாள்.

“டீச்சர், இந்தம்மா ஏன் ரவிக்கை போடல?”

டீச்சர் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பாசஞ்சர் வண்டி பிடித்து நேரே அச்சாபீசுக்குப் போனார். ராஜாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“படம் வரும்னுதானே சொன்னேன்? வந்துட்டுதே!”

“ஜாக்கெட் இல்லாத அம்மாவா சார்?”

“காணை கிராமத்துப் பக்கம் வந்து பாருங்க, வயசானவங்க யாரு ரவிக்கை போடுறாங்க? பாத்தவங்க எல்லாரும் அந்தம்மாவுக்கு நல்ல முகக்களைன்னு சொல்றாங்க.”

“மீசைய மறுபடி வைங்க.”

“சுரண்டுனத ஒட்ட முடியாதும்மா. எங்களுக்கு எடுக்கத்தான் தெரியும்.”

விழுப்புரத்திலேயே இருந்த வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுப்பின் முன்னால் இருந்தார். அம்மா காலமான பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். டீச்சர் பக்கத்தைத் திறந்து நீட்டினார். இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் பதினோரு பக்கம் பொய் வரைந்தது. அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நான்தானே இது? மீசைய எடுத்துட்டானுங்க.”

“ஆமாம்பா. அதுக்குத்தான் போய்ச் சண்டை போட்டுட்டு வர்றேன்.”

“சண்டை இன்னாத்துக்கும்மா? நல்லதாப் போச்சு. மீசையோட போட்டிருந்தா டிரைவருங்க கண்டுபுடிச்சிருப்பானுங்க. வூட்லயும் நான்தான் கிண்டுறேன்னு தெரிஞ்சா மானம் போயிடும்.”

“தினம் அவங்களுக்கும் நீங்கதானேப்பா சமைச்சுப் போடுறீங்க? அதுல போகாத மானமா?”

“அது சம்பளத்துக்கு. வூட்டு வேலை அப்படியா? இத்தினி வருசமா கதவச் சாத்திக்கினுதானே சமைக்கிறேன்?”

கதவைச் சாத்துவது பூனைக்காக என்றுதான் டீச்சர் அதுவரை நினைத்திருந்தார்.

“உக்காரும்மா. ஜல்தியா சாப்புடு, நெத்திலிக் கொழம்பு ஆறிப்போவுது.”

இந்தக் கோபத்துக்குச் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போவதுதான் முறை. ஆனால் குழம்பு அப்பா வைத்தது. டீச்சர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.