தண்ணீருக்கு மேல் ஒரு கல்

பழைய வெள்ளங்களை அளப்பதும் வரப்போகும் வெள்ளங்களுக்குக் கணக்குப் போடுவதும் என் வேலை. கம்ப்யூட்டர் சொல்கிற வருங்காலத்தை நம்புவதற்கு முன்னால், நடந்து முடிந்ததை அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் போன கோடையில் டேப்பும் நோட்டுமாகச் சடையங்குப்பத்தில் தெருத்தெருவாக அலைந்தேன். எந்த மழைக்கு வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்பேன்.

ஒருத்தர் முட்டி வரை என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பு வரை என்றார், ஆள் குள்ளம். சரி, சுவரில் கறை இருக்குமே என்று பார்த்தால் வீட்டுக்கு வீடு பளிச்சென்று பெயிண்ட். வெள்ளக் கறையைத் தேய்த்துக் கழுவி, பொங்கலுக்கு வெள்ளையடித்த பிறகுதான் இவர்களுக்கு மூச்சே வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அக்காவின் அரிசிக் கடையில் போய் உட்கார்ந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். அங்கே வளர்ந்த அக்கா, கல்யாணமாகி இங்கே வந்ததும் தானே ஒரு கடை வைத்துவிட்டாள். அவள் சுவரும் புத்தம்புதுப் பச்சை. அவளையும் திட்டினேன். அவள் கண்டுகொள்ளவில்லை, அவளுக்கு வேறு கவலை. மூட்டை அடுக்க சிமெண்ட் மேடை கட்டப் போகிறாள், வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார், எவ்வளவு உயரம் என்று நான் சொல்ல வேண்டும். போன வெள்ளத்தில் அடி வரிசை மூட்டைகள் ஊறிப் புளித்து நாறிவிட்டன. இன்னொரு தடவை அப்படி ஆனால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்றாள்.

நான் ஆரம்பித்தேன். உலகம் புகையைக் குறைத்தால் ஒரு உயரம், இப்படியே போனால் ஒரு உயரம், இன்னும் கூடினால் வேறொரு உயரம். பொறுமையாகக் கேட்டாள்.

“மூணு மேடை கட்ட முடியுமாடி?”

தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் மூட்டைகளைத் தாங்கும் பலகைக்கு அடியில் கண் போனது. கீழே வரிசை வரிசையாகச் சிவப்புச் செங்கல், அதன்மேல் சாம்பல் நிறக் கல், அதற்கும் மேல் ஹாலோ பிளாக். ஒவ்வொரு வெள்ளமும் முந்தினதைத் தாண்டி வர, ஒவ்வொரு தடவையும் அந்த வருஷம் கிடைத்த கல்லை வைத்துப் பலகையை ஏற்றியிருக்கிறாள். தெருவே அழித்துவிட்ட கணக்கு இங்கே அடுக்கடுக்காக இருந்தது. தரையில் உட்கார்ந்து மூன்று உயரத்தையும் அளந்து எழுதினேன். சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“தப்பாக் கீது. தண்ணி நின்ன எடத்துக்கு மேல ஒரு கல்லு சேத்துதான் வெப்பேன். அத்த கழிச்சிக்கோ.”

விசாரித்தால் அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் அதே பழக்கம். கடை கடையாகப் போய் அளந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லைக் கழித்தேன். எங்கள் கம்ப்யூட்டர் கணக்கு அதோடு ஓரளவு ஒத்துப்போனது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் சொன்ன மூன்றில் பெரிய உயரத்தைச் சொன்னேன். ஆபீஸில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம், இது அக்காவின் அரிசி. அவள் கொத்தனார் பக்கம் திரும்பி, அதற்கு மேல் இன்னொரு கல் வைக்கச் சொன்னாள்.

மழைக்காலம் வந்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது, அக்காவின் போனும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். மூட்டைகள் என்ன ஆயின என்று கேட்டேன்.

“அரிசி நல்லாத்தான் கீது,” என்றாள். “தண்ணி நின்ன எடத்துல பென்சில்ல கோடு போட்டு வெச்சிக்கீறேன். சீக்கிரம் வந்து அளந்துகினு போ, பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கணும்.”