ரயிலுக்குத் திரும்பும் பெண்

புனே பக்கம் தேஹு ரோடு என்கிற ஊரில் எங்கள் குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரருக்கு ராணுவ டிப்போவில் ஸ்டோர்ஸ் வேலை. நான் வீட்டில், வாயும் நானுமாக. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பெற்றவள் சொல்வாள். அதை நம்பி வளர்ந்தவள் நான். எனக்குப் பிறந்த பெண்ணோ இரண்டு வயது தாண்டியும் அம்மா என்று சொல்லவில்லை.

யாரும் பயப்படவில்லை, நானும்தான். காரணம் கைவசம் இருந்தது. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மராட்டி, குழாயடியில் இந்தி. பிள்ளை எதைத்தான் பிடிக்கும், பாவம் என்றோம். எங்கள் லைனில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் அப்படித் தாமதமாகப் பேசியவர்கள்தான். பேச ஆரம்பித்த பிறகு வாயை மூடவேயில்லை. நிறைகுடம் தளும்பாது என்று நானே சொல்லிச் சிரித்தேன். வேலூரிலிருந்து அம்மா வசம்பு அனுப்பினாள். சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவினேன். நாக்கில் என்ன குறை இருந்தது?

காதைப் பற்றி நினைக்காததற்குக் காரணம் ரயில். ஒவ்வொரு வண்டிக்கும் அவள் திரும்புவாள். தரையில் உட்கார்ந்து விளையாடுகிறவள் சட்டென்று நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பாள். அப்புறம்தான் எனக்கே சத்தம் கேட்கும். என் பெண்ணுக்குப் பாம்புச் செவி என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசினேன்.

மூன்று வயதில் பால்வாடியில் விட்டோம். அங்கே சொல்லிக்கொடுத்த மராட்டி அம்மாளை எல்லாரும் பாயி என்போம். ஒரு நாள் பாயி என்னை நிறுத்தி, உங்கள் பெண் என் வாயையே பார்க்கிறாள், முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, பட்டன் டப்பாவைக் குலுக்கியும் பார்த்துவிட்டேன், பெரிய ஆஸ்பத்திரியில் காதைக் காட்டுங்கள் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுக்கு மராட்டி புரியவில்லை, அவ்வளவுதான் என்றேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"ரயிலுக்குத் திரும்புறா. அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்றார்.

பால்வாடியை நிறுத்திவிட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

அப்புறம் அவருக்குப் பதவி உயர்ந்து, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, மாடியில் வேறு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குடிவந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரயில் ஊதியது, நீளமாக, தெளிவாக. அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன். அதற்கும் திரும்பவில்லை. பழைய வீட்டில் தரை அதிரும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் நடுங்கும். இங்கே எதுவும் அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தட்டை எடுத்துத் தட்டினேன். அவள் மூடிகளை அடுக்கி முடித்தாள்.

அவர் வந்ததும் சொன்னேன். "ஏங்க, அது சத்தத்துக்குத் திரும்பல. தரை ஆடுறதுக்குத் திரும்பியிருக்கு."

சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

புனே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பேச்சைப் பிடிக்கிற வயசு என்று ஒன்று இருக்கிறது, அதில் பெரும்பகுதி போய்விட்டது என்றார். நெஞ்சில் பெட்டியும் காதுக்கு ஒயருமாக ஒரு மிஷின் மாட்டினார்கள். ஏதோ சத்தம் போய்ச் சேர்ந்தது. சொல்லாகப் போய்ச் சேரவில்லை. காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தோம். அங்கே, இனி வீட்டிலும் ஒரே மொழி, மராட்டியே பேசுங்கள் என்றார்கள்.

எனக்கு மராட்டி கத்தரிக்காய் வாங்கத்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வளர்த்தேன். வா, சாப்பிடு, தலை வாரு, படு. என் பழமொழி மூட்டையில் ஒன்றுகூட அவளிடம் போகவில்லை. செவிடன் காதில் ஊதின சங்கு என்பதை மட்டும் நானே தூக்கி எறிந்துவிட்டேன். தெரியாத நாளில் அதைச் சொல்லி அவளைத் திட்டியிருக்கிறேன்.

அவளுக்கு இருபது வயது ஆகிவிட்டது. தமிழ்க்காரிகள் வீட்டுக்கு வந்தால் நான் பழைய வாயாடி. கதை பேசிச் சிரிப்போம். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன என்று கையைத் திருப்பிக் கேட்பாள். அந்தப் பேச்சை மராட்டியில் சொல்ல எனக்கு வாய் இல்லை. காஹி நாஹி, ஒன்றுமில்லை என்பேன்.

சில வருஷமாக அவள் கேட்பதில்லை. நாங்கள் சிரிக்கத் தொடங்கினால் எழுந்து உள்ளே போய்க் காய்ந்த துணியை மடிக்கிறாள்.