தோட்டா ஸ்டோர் தேவராஜ் அண்ணன்

தேவராஜ் அண்ணன் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். கிளப் குரூப்பில் வந்த மெசேஜை மூன்று தடவை படித்தேன்...

செங்கல்பட்டுப் பக்கம் நான் பிஸ்டல் பயிற்சிக்குப் போகும் ஷூட்டிங் கிளப்பில் தோட்டா ஸ்டோர் அவர் பொறுப்பு. சதுரங்கப்பட்டினத்துக்காரர். தோட்டா டப்பா எடுத்துக் கொடுப்பதும், சுட்டு முடித்ததும் தோட்டாக்களின் காலி கேஸ்களை எண்ணித் திரும்ப வாங்குவதும் அவர் வேலை. ஒன்று குறைந்தாலும் நம்மைத் தரையில் தவழவிட்டுத் தேட வைப்பார்.

எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

முதல் போட்டிக்கு முன், இருப்பதிலேயே விலை கூடின ஃபாரின் டப்பாவைக் கேட்டேன். லேப் டெக்னீஷியன் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆனாலும் வீம்பு.

"இன்னாம்மா, உன் பிஸ்டலுக்கு வெல தெரியுமா? மூணு தினுசு தரேன். தினுசுக்கு அஞ்சு சுடு. எது ஒரே எடத்துல வுழுதோ அத்த வாங்கு."

மேஜையில் கையை ஊன்றிச் சுட்டேன். நடு விலை டப்பாதான் நெருக்கமாக விழுந்தது. விலை கூடினது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியது. மனுஷன் சொன்னது சரியாகிவிட்டதே என்று எரிச்சல்.

அப்புறம் போட்டிக்கு நடு விலை, பயிற்சிக்கு ரொம்ப மலிவானது என்று பழகிக்கொண்டேன்.

"ரெண்டையும் ஒண்ணா கலந்துடாத. மலிவு தோட்டாவுல மருந்து கம்மி. உன் பிஸ்டல்ல சிக்கிக்கும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

"எனக்குக் காது கேக்கும்ணா" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். வாய்க்கொழுப்பு.

போன வருடம், மாநிலப் போட்டிக்கான தகுதிச் சுற்று. போட்டி டப்பாவில் ஏழு தோட்டா குறைந்தது. புது டப்பா வாங்க மனசு வரவில்லை. பயிற்சியில் மிஞ்சிய ஏழை அதில் செருகினேன். ஏழுதானே... சிக்கனமாம்.

கடைசி ஐந்து ஷாட். இரண்டாவதிலேயே ஒரு மந்தமான சத்தம். அடுத்த தோட்டா ஏறவில்லை. பிஸ்டலை டார்கெட் பக்கமே பிடித்துக்கொண்டு நடுவரைக் கூப்பிட இன்னொரு கையைத் தூக்கினேன்.

மறுபடி சுட ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். மறுபடியும் சிக்கியது. சுடாத ஷாட்டுக்கெல்லாம் சைபர். மூன்று பாயிண்டில் தகுதி போனது.

நேராக ஸ்டோர் ஜன்னலுக்குப் போய் எல்லார் முன்னாலும் கத்தினேன். "ஈரம் ஏறின டப்பாவக் குடுத்திருக்கீங்க!"

அவர் என் காலி கேஸ்களைக் கையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். இரண்டு கம்பெனி முத்திரை இருந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்துவிட்டது.

"எண்ணிக்க சரியாகீதும்மா" என்று மட்டும் சொல்லி, அள்ளிச் சாக்கில் போட்டார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. ஈரத் தோட்டா கொடுத்தாரென்று கிளப் கமிட்டி அவரை ஸ்டோரிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் உட்கார வைத்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மானக்கேடு எனக்கு வந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

அதற்கப்புறமும் என்னைப் பார்த்தால் "நாஸ்தா ஆச்சாம்மா?" என்பார். நான் ஒரு நாளும் நின்று பதில் சொன்னதில்லை. அடுத்த வாரம் கமிட்டியில் சொல்லலாம், அடுத்த வாரம்... என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அந்த கிளப்புப் பொண்ணுதானே? கெட்டுப்போன தோட்டாவ குட்த்துட்டாருன்னு பேசிக்கினு கீறாங்க. மனுசன் வூட்ல ஒரு வார்த்த சொல்லல. நெசமாம்மா?"

கிளப் ஆட்கள் சுற்றி நின்றார்கள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்து அந்த அக்கா என் தலையைத் தடவிக் கொடுத்தார்... கோழை நான். எழுந்து வந்துவிட்டேன்.

இதை பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன். தோட்டாவைக் கலந்தது நான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கிளப் நண்பர்களே, இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கமிட்டிக்கு அனுப்புங்கள்.

நாலரைக்கு எடுக்கிறார்கள். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. திரும்பி நடக்கிறேன். அந்த அக்காவிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும்.

போய் வாங்கண்ணா. மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.