எலி கடிக்காத வயர்

மூன்று வருடமாக ஓடாத காரில் மாமியைக் குறிகட்டுவான் படகுத்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். 1989 பங்குனியில் நான் இறுப்பிட்டிக்குப் போன காரணம் அதுதான். மாமி என் அப்பாவின் தங்கை. இடுப்பு முறிந்த பிறகு அவரால் பஸ் ஏற ஏலாது. கனடாவில் இருக்கும் மகன் ரவியிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதமில்லை. நயினாதீவு அம்மனிடம் போய்வந்தால் வரும் என்று நம்பினார்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.15 பஸ், ஆறு ரூபாய். பண்ணை இராணுவச் சோதனைச்சாவடியில் இறங்கி நடக்க வேண்டும். அதற்கு இருபத்தைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரு பக்கமும் கடல், எந்தப் பக்கம் இருந்தாலும் நட்டமில்லை.

வேலணைச் சந்தியில் மட்டும் நான் வெளியே பார்ப்பதில்லை. ரவி வெளிநாடு புறப்பட்ட காலை அவனை வழியனுப்ப அங்கேதான் நின்றேன். காரில் வருவேன், ஐந்து நிமிடம் நிறுத்துவேன் என்று சொல்லியிருந்தான். ஐந்தரை முதல் எட்டு மணிவரை காரையே தேடிக்கொண்டு நின்றதில், கடந்துபோன பஸ்ஸுக்குள் நான் பார்க்கவில்லை. கார் ஸ்டார்ட் வராததால் பஸ்ஸில் போனதாகக் கொழும்பிலிருந்து எழுதினான். முதல் நாள் மாலைவரை அதே காரில் திரிந்தவன்! நான் நம்பவில்லை. அந்தக் கடிதத்துக்கும், பிறகு கனடாவிலிருந்து வந்த இரண்டுக்கும் பதில் போடவில்லை.

அதே சந்தியில் தருமண்ணை பற்றரியோடு ஏறினார். தீவுப் பக்கம் கார் வயரிங்குக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள், நானும் சொல்லிவைத்திருந்தேன். கொண்டக்டர் பற்றரிக்கும் டிக்கற் கேட்டார்.

“காலடியில வைக்கிறன். மடியில வைச்சா குழந்தை எண்டு அரை டிக்கற் கேப்பீர்.”

இறுப்பிட்டியில் 8.20க்கு இறங்கினோம். காரின் பொனற்றைத் திறந்தால் தும்பும் சாக்குத் துண்டுகளுமாக ஒரு பெரிய எலிக்கூடு. தருமண்ணை பற்றரியைப் பூட்டி விளக்குச் சுவிச்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை, ஹோர்ன் அடித்தது.

“எலி புதுசா வயரிங் செய்திருக்கு. எனக்குப் போட்டி,” என்றார். கதிரையில் இருந்த மாமி சிரித்தார்.

இரண்டு வயர் பூட்டிய சின்ன பல்ப் ஒன்றால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். பல்ப் எரியாத இடத்தில் கடி இருக்கும். ஒன்பது இடம். வெட்டி முறுக்கி ஒட்டுநாடா சுற்றினார். விளக்கு சரிவந்தது, ஹோர்ன் அடங்கியது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கில் பொறி இல்லை. கடைசியாக, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் உருளையிலிருந்து போகும் மெல்லிய வயரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பிள்ளை, இஞ்ச பாரும். எலி கடிச்சா றப்பரெல்லாம் சப்பி, செம்பு பிய்ஞ்சு கிடக்கும். இது செம்போட ஒரே வெட்டு. எலியின்ர வேலையில்லை.”

“அது பாக்குவெட்டி, தம்பி,” என்றார் மாமி.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளாவது நிண்டிட்டுப் போகட்டும் எண்டு நினைச்சன். அவன் நிக்கேல்லை. வைச்ச இடியப்பத்தையும் தொடாமல் பஸ்ஸுக்கு ஓடினான். நல்லா ஒருக்கால் முகம் பார்க்கவும் விடேல்லை.”

வேலணைச் சந்தியில் யார் காத்து நின்றது என்பது மாமிக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குசினிக்குள் போனேன். பதில் போடாத மூன்று கடிதங்கள். அவன் சொன்னது உண்மை.

11.10க்கு கார் உறுமியது. தருமண்ணையே ஓட்டினார், ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கு இருபது நிமிடம் எடுத்தோம். குறிகட்டுவானில் படகுக்காரர் இருவர் மாமியைக் கதிரையோடு தூக்கி ஏற்றினார்கள். நயினாதீவுக்குப் பதினைந்து நிமிடம், மூன்று ரூபாய். கோயிலில் மாமி வெகுநேரம் கண் திறக்கவில்லை. நானும் அதே கடிதத்தைத்தான் கேட்டேன்.

போகிறவர்களுக்கு: குடையும் குடிதண்ணீரும் வேண்டும். மதியத்துக்கு முன் படகேறுங்கள், பின்னேரம் காற்று கூடும். நடக்க ஏலாதவர்களைக் கூட்டிப் போவதானால் படகுக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள், முகம் சுளிக்கமாட்டார்கள். கார் நிற்கும் கொட்டிலில் ஒடியல் மூட்டை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு, வைக்காதீர்கள். எலி முதலில் அதற்குத்தான் வரும்.

திரும்பிவந்து யாழ்ப்பாணத்தில் ஒரு விமானக் கடிதத்தாள் வாங்கினேன். கார் ஸ்டார்ட் வராதது உண்மைதான் என்று இப்போது தெரியும், ரவி, நான் எட்டு மணிவரை நின்றேன் என்று எழுதினேன். பாக்குவெட்டியைப் பற்றி எழுதவில்லை. அது மாமி சொல்ல வேண்டியது. என்னிடம் இருப்பது பழைய விலாசம். அவன் இன்னும் அங்கே இருக்கிறானா என்று தெரியாமலே ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.