முந்தானைக்குள் முடிந்த பேரம்

சங்கீதத்தை எங்கள் அப்பா எடையை வைத்துத்தான் மதித்தார். பக்கத்து மண்டிக்காரர் தன் மகளுக்கு வீணை படித்துக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர் அவரை அழைத்து, "உங்க பிள்ளைக்குப் பியானோ நல்லா வருது, விட்ராதீங்க" என்று சொன்னார். அப்பா ஜெபக்கூடத்தில் இருந்த பியானோவை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். இதை நகர்த்த எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார். ஆறு பேராவது வேண்டும் என்றார் சிஸ்டர். வீணையை ஒரு சின்னப் பிள்ளையே மடியில் வைத்துக்கொள்ளும். அப்பா அங்கேயே சம்மதித்துவிட்டார்.

எடை எப்படியிருந்தாலும் எனக்கு அந்தப் பியானோ வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் எனக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். கட்டையில் விரல் வைத்த நாளிலிருந்து கணக்குப் பாடத்திலும் என் விரல்கள் மேசையில் அலைந்துகொண்டேயிருக்கும். திடீரென்று சிஸ்டருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சாயங்காலங்களில் நான் வந்து வாசித்துப் பழகலாம் என்று மட்டும் அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லிக்கொடுக்க அருப்புக்கோட்டையில் ஆள் இல்லை, திருச்சுழிப் பக்கம் கேட்கவே வேண்டாம். மதுரைக்குத்தான் போகவேண்டும்.

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். முதலில் போனது ஒரு டைப்ரைட்டிங் பள்ளிக்கு. அந்த மாஸ்டர் டைப்பு, ஆர்மோனியம், பியானோ மூன்றும் கற்றுத்தருவதாக வாசலில் எழுதிப்போட்டிருந்தார். எல்லாம் ஒரே விரல் வேலைதான் என்பது அவர் கட்சி. பியானோ எங்கே என்று நான் கேட்டதற்கு, ஒரு நீளப் பலகையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளைப் பெயிண்டில் வரைந்திருந்தார். அப்பாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

"சத்தமே வராது பாரு. அக்கம்பக்கத்துல ஒருத்தன் நம்மள ஏசமாட்டான். கூடவே டைப்பும் படிச்சுக்கிருவா."

நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். கீழே வந்த அப்பாவிடம், "சத்தம் வராத சாமானுக்கு எதுக்குங்க பஸ்ஸு ஏறி வரணும்" என்று மட்டும் சொன்னாள். அப்பா சட்டைப்பையிலிருந்து அடுத்த விலாசத்தை எடுத்தார்.

அடுத்துப் போனது ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு. மாற்றலாகிப்போன சிஸ்டர் சொன்ன ஆள் இவர்தான். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. உள்ளே நிஜப் பியானோ இருந்தது. சுவரோரமாக இரண்டு பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் மண்டி வைத்திருந்தவர். மூடையை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் கைவிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். டீச்சரம்மாவையும் அப்படித்தான் பார்த்தார். வலது ஓரத்தில் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். பிறகு நடுவில். டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசித்தார்.

"இப்ப இடது பக்கம் கடேசில கொஞ்சம் வாசிங்கம்மா. சொத்தையெல்லாம் அடியிலதான் கெடக்கும்."

டீச்சரம்மா கடைசிக் கட்டைகளில் இரண்டு கையையும் வைத்து ஓங்கி ஒரு வாசிப்பு வாசித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு பியானோ இல்லை என்று தெரிந்துவிட்டது.

"மாசச் சம்பளம்..." என்று டீச்சரம்மா ஆரம்பித்தார். அப்பா பதறிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். மற்றவர்கள் இருக்கும் இடத்தில் விலையை வாயால் சொல்வது எங்கள் மண்டிப் பக்கம் மரியாதையில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் கைகோத்து, விரல்களைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். இரண்டு விரல் என்றால் இரண்டு, இருபது, இருநூறு. எது என்பது பொருளைப் பொறுத்து இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. கை பிடித்து முடிந்துவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது.

அப்பா பழக்க தோஷத்தில் தோள் துண்டை உதறினார். டீச்சரம்மா நாற்காலியோடு பின்னால் போனார். அப்போதுதான் அந்நியப் பெண்ணின் கையைப் பிடிக்கப்போகிறோம் என்பது அப்பாவுக்கு உறைத்திருக்கவேண்டும். துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா தரகர் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் துண்டுக்குள் கைவிட்டு விளையாடியே விலை பேசக் கற்றவள். டீச்சரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் முந்தானையை இருவர் கைமேலும் போட்டாள். கேட்கிற சம்பளத்தை விரலைப் பிடித்துச் சொன்னால் போதும் என்று மெதுவாக விளக்கினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு வருசத்துக்குப் பேசிக்கிருவோம் டீச்சரம்மா. நடுவுல நீங்களும் மாத்தக்கூடாது, நாங்களும் மாத்தக்கூடாது" என்றாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். நடுவில் டீச்சரம்மா கூட்டிக் கேட்காமலிருக்க அம்மா அணை போடுகிறாள் என்று அவருக்குப் பெருமை.

முந்தானைக்குள் ஒரே ஒரு அசைவு. டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கையை எடுத்துவிட்டு, "முடிஞ்சிருச்சுங்க" என்று எழுந்துகொண்டாள்.

"அதுக்குள்ளயா" என்றார் அப்பா. நல்ல பேரம் ஒன்றைப் பார்க்கக் காத்திருந்தவருக்கு ஏமாற்றம்தான். பஸ்ஸில் எத்தனைக்கு முடிந்தது என்று கேட்டார். அம்மா முன்சீட்டு ஆட்களைக் கண்ணால் காட்டினாள். வீட்டுக்கு வந்து கேட்டபோது, "நீங்க நெனச்சதவிடக் கொறச்சல்தான்" என்றாள். அப்பா மனதில் இருபது ரூபாய் வைத்திருந்தார். அதிலும் குறைவு என்றால் யாருக்குத்தான் மேலே கேட்கத் தோன்றும்?

சனிக்கிழமைதோறும் அம்மாவும் நானும் மதுரைக்குப் போனோம். நான் வாசிக்கும்போது அம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொள்வாள். பஸ் அலுப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க அப்பாவும் வந்தார். பணத்தைத் தன் கையால் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. அன்று வேறு யாரும் இல்லாததால் டீச்சரம்மா தயங்காமல் வாயாலேயே சொன்னார். ஐம்பது ரூபாய்.

எங்கள் மண்டிக் கணக்குப்பிள்ளையின் சம்பளமே அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். என் கை கட்டைமேல் அப்படியே நின்றுவிட்டது. இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அவுக அஞ்சு வெரலையும் புடிச்சாக. நான் அஞ்சு ரூவான்னுல்ல நெனச்சுப்புட்டேன்" என்றாள்.

"மதுரை டவுனுல, இம்புட்டுப் பெரிய பெட்டிய வச்சு, அஞ்சு ரூவாய்க்கு எவ சொல்லிக்குடுப்பா?" என்றார் அப்பா. அதற்கு முந்தைய வாரம்தான் பரளச்சியிலிருந்து மல்லி மூடை கொண்டுவந்த சம்சாரி ஒருவரை, கை பிடித்து முடிந்த விலையை மாற்றிக் கேட்டார் என்று மண்டி வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருந்தார். ஒரு வருஷத்துக்கு என்று பேசியதையும் அவரே காதால் கேட்டிருந்தார். சட்டைப்பையில் பாதி, இடுப்புப் பையில் பாதியாக எடுத்து எண்ணிக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

அந்த வருஷம் முடிந்ததும், போட்ட முதல் வீணாகிவிடக்கூடாது என்று அடுத்த வருஷத்துக்கும் அவரே பேசினார். பள்ளிப்படிப்பு முடியும்வரை அப்படியே போயிற்று. நஷ்டத்தை அவர் வேறு வழியில் ஈடுகட்டிக்கொண்டார். மண்டிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொல்வார். ரெட்டியபட்டிச் சம்சாரிகள் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார்கள். "அஞ்சுக்கும் அம்பதுக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளைய வச்சுக்கிட்டு நான் யாவாரம் பண்றேன்" என்று அவர் முடிக்கும்போது, காப்பி கொண்டுவருகிற அம்மாவும் சிரிப்பாள். அம்மாவைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இவ்வளவு கேலியையும் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாளோ என்று நினைப்பேன். ஐந்து விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது ஒரு தரகர் மகளுக்குத் தெரியாமலிருக்குமா என்று, அப்பாவைப்போலவே, எனக்கும் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.