மாடிப்படியும் சட்டப்படியும்

கடவுளை நம்பாதவன் என்பதால், எங்கள் வீட்டில் பேதம் பார்க்காத ஆள் நான் ஒருவன்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆண்டாளைக் கும்பிடாமல் காபிகூடக் குடிக்காத என் மனைவி, நான் திருத்த வேண்டிய கேஸ்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மாடி காலியானது. ராஜபாளையத்திலிருந்து வந்து இங்கே பாத்திரக்கடை போட்டிருந்த நண்பர், தன் வயதான உம்மாவோடு வீடு தேடிக்கொண்டிருந்தார். முஸ்லிம் என்று தெரிந்ததும் போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். மனைவியும் மறுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். அரசியல் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். போதாதென்று, வீடு பார்க்க வந்தவரின் காதில், "கறி திங்க மாட்டோம்னு சொல்லிருங்க பாய்" என்றேன்.

"போன ஞாயித்துக்கெழம கறிக்கடையில எனக்கு முன்னால நின்னதே நீங்கதானண்ணே!"

உம்மா பாதிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இந்தப் படி உம்மாவுக்கு ஏலாதுண்ணே" என்று நண்பர் முகம் வாடினார்.

நான் தொண்டையைச் செருமி, "அரசியல் சட்டத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள் மனைவி. "அவிய கீழ இருக்கட்டும். நாம மாடிக்குப் போவோம்."

"உன் பூஜை அறை?" பதறியது நான்தான்.

"ஆண்டாள் படி ஏறுவா. இந்த அம்மாவுக்குத்தான் ஏலாது. வீடில்லன்னு இவியள அனுப்பிட்டு, நாளைக்கு அவ மொகத்துல எப்படி முழிக்க?"

அந்த வாரமே அவர்கள் கீழ்வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஆண்டாள் படத்தை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்.