அரியணைக்குக் கீழே ஓர் அடுப்பு

அரண்மனைப் பதிவேட்டில் கீழறைக் காப்பாளர் என்று இருந்தது கணவனின் பெயர். வேலை பார்த்தது அவள். பெண்களுக்கு அரண்மனை உத்தியோகம் கிடையாது என்பது அந்த நாட்டுச் சட்டம். மூட்டுவலிக்காரனால் நாற்பது படி இறங்க முடியாது என்பது அவர்கள் வீட்டு நிலவரம். ஆகவே பதினெட்டு வருஷமாக அவள் கணவனின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்வந்தாள். காவலன் ஒருநாளும் தடுத்ததில்லை. அவன் வீட்டில் உலை கொதிப்பதே இவள் ஒதுக்கித் தரும் சுள்ளியில்தான்.

கீழறையில் இருந்தது ஓர் அடுப்பு. அதற்கு நேர் மேலே அரியணை, ஒரே கல்லில் குடைந்தது. உரியவர் உட்கார்ந்தால் கல் தானாகச் சூடேறும் என்று நாடே நம்பியது, அரச குடும்பம் உட்பட. அடுப்பு இருக்கும் சங்கதி தலைமை அமைச்சருக்கும் அடுப்புக்காரி வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

முடிசூட்டு நாளில் மூத்த பிள்ளை முதலில் உட்கார வேண்டும். மூத்தது பெண்ணென்றால் அன்றைக்குக் கல் சில்லென்று இருக்கும். "கல்லுக்கே பிடிக்கலையே, நாம என்ன பண்றது" என்று பெரிய மனிதர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு புலவர்கள் ஆளுக்கொரு வாழ்த்துப் பாடி முடிப்பதற்குள் கீழே மூட்டிய தீ மேலே எட்டிவிடும். தம்பி உட்காருவான், கல் இதமாக இருக்கும், கூட்டம் ஓவென்று கத்தும். இருநூறு வருஷமாக இதே கூத்து. வருஷாவருஷம் அதே நாளில் கல் மறுபடி சூடாக வேண்டும். ஆகாவிட்டால் கிரீடம் கை மாறும்.

கிழ ராஜா கண்ணை மூடினார். மூத்தவள் இளவரசி, அடுத்தவன் தம்பி. அமைச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழறைக்கு வந்தார். தலைப்பாகையை அவிழ்த்து வைத்திருந்தவளை, புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

"முடிசூட்டு மணி அடிச்சதும் பத்த வைக்கச் சொல்லு. தம்பி உக்காரும்போது சூடு சரியா இருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மணி அடித்துப் பற்றவைத்தால் அந்தத் தடித்த கல் சூடாகச் சாயங்காலம் ஆகும். எப்போது மூட்ட வேண்டும் என்பதை அவள் கல்லைத் தொட்டே கணக்குப் போடுவாள். "சரிங்க" என்றாள்.

"அப்புறம், உன் புருஷனுக்கு வயசாயிடுச்சு. அடுத்த மாசம் என் தங்கச்சி மகன் வந்துடுவான். அரண்மனை குடுத்த வீட்டைக் காலி பண்ணிடுங்க."

"எங்க பொண்ணு இருக்காளேங்க? வேலையெல்லாம் அத்துப்படி."

"பொண்ணா? பொண்ணு எப்படிம்மா அடுப்பு வேலை பார்க்க முடியும்?"

காலையில் உனக்கு ஆக்கிப் போட்டது யாரய்யா என்று நாக்கு நுனிவரை வந்தது.

அவள் போட்ட திட்டத்தைக் கேட்டதும் கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். "பேசாம இரு. தலை போயிடும்."

"வீடு போகுதே, அது பரவாயில்லையா? நீங்க காலை நீட்டி உக்காருங்க. நான் பார்த்துக்கறேன்."

முடிசூட்டு நாளன்று வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே தாயும் மகளும் தீ மூட்டினார்கள். மகள் மேல்கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "போதுமாம்மா?"

"இளவரசிக்குப் போதும். தம்பிக்கு இன்னும் நாலு கட்டை போடு."

மேலே இளவரசி, உட்கார்ந்ததும் எழுந்துவிடும் எண்ணத்தோடு ஒப்புக்கு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. "சூடா இருக்கு" என்றாள் மெதுவாக. அமைச்சர் பதறிப்போய், தம்பியும் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். புலவர்கள் பாடித் தீர்த்தார்கள். தம்பி கம்பீரமாக வந்து உட்கார்ந்தான், "அய்யோ!" என்று அலறி, பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடினான்.

"கல்லே விரட்டிடுச்சு!" என்றது கூட்டம். அமைச்சருக்கு மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அடுப்பு இருக்கிறது என்று சொன்னால் முதலில் உருளுவது அவர் தலைதான்.

ராணியம்மா வந்துவிட்டாள், இனி நமக்கென்ன என்று அடுப்புக்காரி மகளை மனு எழுதச் சொன்னாள். வேலை தன் பெயரில், தனக்குப் பின் மகள் பெயரில். மூன்றாம் நாள் பதில் வந்தது: 'அது சிரமமான வேலை. ஆண்களுக்கே உரியது.' கீழே ராணியின் கையெழுத்து.

அடுப்புக்காரி மனுவை மடித்து இடுப்பில் செருகினாள். யாருக்காக நாலு கட்டை கூடப் போட்டோம் என்று வாய்விட்டே கேட்டாள். பிறகு, ஒரு தடவை கீழறையை வந்து பார்க்கும்படி காவலன் மூலம் ராணிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் ராணி தனியாகப் படியிறங்கி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். அண்ணாந்து கல்லைப் பார்த்தாள். முகம் சிறுத்துப் போயிற்று.

"அப்ப கல்லு என்னைத் தேர்ந்தெடுக்கலையா?"

"இல்லைம்மா. நான்தான்."

ராணி விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுப்புக்காரி விடவில்லை. "அடுத்த வருஷம் அமைச்சரோட தங்கச்சி மகன் மூட்டுவானாம். எப்ப மூட்டணும்னு அவனுக்குத் தெரியுமோ என்னவோ."

ராணி மனுவை வாங்கினாள். மை இல்லை, கரித்துண்டை எடுத்துப் பழைய பதிலை அடித்துவிட்டு, மகளின் பெயரையும் கேட்டுச் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாதிப் படி ஏறியவள் திரும்பினாள்.

"வருஷாவருஷம் இதமா இருக்கும்ல?"

அடுப்புக்காரி தலைப்பாகையை அவிழ்த்து, அதிலேயே கைக்கரியைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கும்மா. நீங்க ஒழுங்கா ஆண்டா."